அவருடைய கால் அளவு

பல் கட்டும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்பார்கள். பொய்ப்பல் வைத்துக்கொள்ளும் யாரையும் அவள் பார்த்ததில்லை. அச்சில் வந்து சேரும் ஈறுகளைப் பார்த்து மெழுகில் பற்களை நிறுத்துவாள். வருடக்கணக்கில் குனிந்தே இருந்ததில் மணிக்கட்டுகள் மரத்துப்போயின. சாதாரண சைக்கிளின் கைப்பிடியில் ஊன்றினால், கொஞ்ச தூரத்தில் விரல்கள் இருப்பதே தெரியாது.

வீட்டில் இருந்தது கணவரின் சாய்வு சைக்கிள். அவர் லிப்ட் மெக்கானிக். முதுகு போன பிறகு தானே குழாய் வளைத்துச் செய்துகொண்டது. சீட்டில் மல்லாந்த மாதிரி சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். ஒருநாள் காலை வாதம் வந்து அவருடைய இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்தது, கால் வரவில்லை.

மதியம் யாராவது அவரைப் புரட்டிப் படுக்கவைத்துச் சோறு ஊட்ட வேண்டும். பஸ்ஸை நம்பினால் சாப்பாட்டு இடைவேளைக்குள் கூடத்திலிருந்து வந்து திரும்ப முடியாது.

“முடியலைன்னா சொல்லுங்க அண்ணி. அண்ணனை நான் கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாள் அவர் தங்கை. அவள் இருந்தது வேறு ஊரில், ஓர் இரவு ரயில் பயணம்.

எனவே வண்டி பழகினாள். கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே சந்து. அவர் படுத்தபடி சொல்வார்.

“கைப்பிடியில தொங்காதே. அது பஸ் கம்பி இல்ல.”

“விழுந்துட்டா?”

“விழறதுக்கு உயரம் எங்க இருக்கு? சாஞ்சுக்கோ. தலையைத் தூக்கினா கவுந்துடும்.”

தலையைத் தூக்கினாள். கவிழ்ந்தாள். முழங்கையில் சந்தின் மண் ஒட்டியிருந்தது.

“நிக்கறதுக்கு முன்னாடி கியரைக் குறை. இதுல பெடல் மேல ஏறி நின்னு கிளப்ப முடியாது” என்றார்.

அதை நாற்சந்தியில் மறந்தாள். பச்சை விழுந்தும் பெடல் அசையவில்லை. பின்னால் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“அம்மா, கட்டிலை ஓரமாப் போட்டுத் தூங்குங்க!”

“போர்வை இல்லாமத்தான் முழிச்சிருக்கேன். இருந்தாக் குடுங்க” என்றாள்.

டிரைவர் சிரித்துவிட்டார். அவள் இறங்கித் தள்ளினாள்.

மெல்லப் பழகிற்று. லாரிச் சக்கரங்கள் கன்னத்தின் உயரத்தில் சுழன்றன. நாய்கள் நேருக்கு நேர் பார்த்தன. மின்கம்பிகளுக்கு மேலே வானம் இருந்தது. மணிக்கட்டு மரத்துப்போகவில்லை.

குதிகால்தான் வலித்தது. பெடல்கள் முன்குழாயின் நுனியில் இருந்தன. அவருக்கு நீளமான கால். குழாய் வண்டியின் உடலுக்குள் நுழையும் இடத்தில், தன் அளவுக்கு அவர் சிவப்புப் பெயின்டில் ஒரு வளையம் போட்டிருந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டாள். அது நழுவும். எட்டாத பெடலைக் கால்விரல் நுனியால் துரத்திப் பிடிப்பாள். வீட்டில் அவர் கேட்டால், “சரியா இருக்குங்க.”

சைக்கிள் கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார். “அக்கா, இது உங்க அளவு இல்ல. குழாயை ஒரு சாண் உள்ளே தள்ளணும். செயின் தொங்கும், மிஞ்சற கண்ணிகளை அறுத்துடலாம்.”

“அவர் மறுபடி ஓட்டணும்னா?”

கடைக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார். “அப்போ சேத்துக்கலாம்க்கா.”

“அப்புறம் வரேன்” என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு மதியம் நடுவழியில் குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. காலையில் அவள் படுக்கவைத்துவிட்டுப் போன பக்கமே அவர் கிடந்தார். அடியில் இருந்த காது சிவந்து மடிந்திருந்தது. விரிப்பு நனைந்திருந்தது. அவள் விரிப்பை உருவும்போது,

“காலைக் காட்டு” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க.”

“காட்டுடி.”

கட்டில் மேல் வைத்தாள். வலது கட்டைவிரலால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார்.

“என் தலகாணி ஒண்ணு ஊர் சுத்திட்டு வருது. எனக்குத் தெரியாதா? குழாயை ஏன் உள்ளே தள்ளல?”

“நீங்க எழுந்தா…”

அவருடைய பாதி வாய் சிரித்தது. “எழுந்தா வேற ஒண்ணு செஞ்சுக்குவேன். ஊர்ல குழாய்க்கா பஞ்சம்?” பிறகு சிரிப்பு நின்றது. “நீ நொண்டியாயிட்டா என்னைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் போகல. வண்டியை உள்ள கொண்டா. என் ஸ்பானர் பெட்டியையும் எடு.”

வண்டி கட்டிலோரம் நின்றது. அவள் செயினைப் பிடித்துக்கொள்ள, அவர் செயின் அறுக்கும் கருவியை ஒரு கையால் திருகி, கண்ணியைக் கோத்திருந்த ஊசியைத் தள்ளினார். கண்ணிகள் ஒவ்வொன்றாகப் புது விரிப்பில் விழுந்து கறையாக்கின. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

“இப்போ தள்ளு.”

தள்ளினாள். சிவப்பு வளையம் உள்ளே போனது. மேலும் ஒரு சாண் போனது. அவர் குழாயைப் பிடிக்கும் திருகாணியை இறுக்கினார். கடைசிச் சுற்றுக்கு அவர் கை போதவில்லை. அதை அவள் இறுக்கினாள்.

வீக்கம் வடிந்து அவள் மறுபடி ஓட்டிய முதல் மதியம், ஜன்னலுக்கு வெளியே பிரேக் சத்தம் கேட்டது.

“கியரைக் குறைச்சுட்டுத்தானே நிறுத்தின?” என்றார் உள்ளிருந்து.

“ம்.”

“கால்?”

“மடங்குதுங்க.”

“சரி வா” என்றார். “இந்தப் பக்கம் மரத்துப்போச்சு.”