என்னைக் கண்டதும் மூடிய நோட்டுகள்

கடந்த செவ்வாய்க்கிழமை என்னைப் பார்த்ததும் ஆறு பெண்கள் சட்டென்று நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றார்கள்.

மரியாதை என்றுதான் நினைத்தேன். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு யார் எழுந்து நின்றாலும் அப்படித்தான் தோன்றும். ஒருவகை வியாதி.

திருநீர்மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிழற்குடை. மாலை நாலரை மணி. நடுவில் தேவிகா, பிளஸ் ஒன் மாணவி. சுற்றிலும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர். எல்லோரும் எங்கள் பகுதி அரசு மகளிர் பள்ளி. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். "ரூல்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் வேணும் சார்" என்று தலைமை ஆசிரியை கேட்டுச் சேர்த்தார். பாவம், அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது.

"என்னம்மா நடக்குது இங்கே?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா பேசிகினு இருந்தோம்" என்றாள் தேவிகா.

பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு: "அக்கா, நிறுத்தச் சொன்ன சாரு இவருதானே?"

ஆமாம். இவருதான்.

ஜூன் மாதம் தேவிகா ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு குழுக் கூட்டத்துக்கு வந்தாள். தலைப்பு 'அக்கா திட்டம்'. ஒவ்வொரு பிளஸ் ஒன் பெண்ணும் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியம் சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம். கணக்கோ, கவலையோ, எதுவானாலும்.

"டீச்சர்கிட்ட கேக்க பயமா இருக்கும் சார். அக்காகிட்ட கேக்கலாம் இல்ல?"

ஏற்கெனவே ஐந்து பேரோடு ஆரம்பித்தும் விட்டாளாம்.

நல்ல யோசனை. எனக்கே பிடித்திருந்தது. அதனால்தான் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது... "யார் அனுமதி கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கல சார். யாரும் வேணாம்னும் சொல்லல."

வேறு யாராவது சிரித்திருப்பார்கள். நான் பேனாவைத் திறந்தேன். "முறைப்படி செய்வோம். அதுவரைக்கும் நிறுத்தி வைம்மா."

முறைப்படி செய்ய எத்தனை நாள் ஆகும்? என் கையில் விட்டால், நான்கு மாதம். பதினோரு பக்கத்துக்கு வழிகாட்டு நெறிமுறை எழுதினேன். விண்ணப்பப் படிவம், பெற்றோர் ஒப்புதல் கடிதம், தேர்வுக் குழு, வாராந்திர அறிக்கை, சட்டையில் குத்த பேட்ஜ். 'அக்கா' என்ற சொல் அலுவல் மொழியில் இல்லை என்பதால் 'சக மாணவ வழிகாட்டி' ஆக்கினேன். விதி எண் நான்கு: நடப்பு ஆண்டில் மூன்று நாட்களுக்கு மேல் விடுப்பு எடுத்தவர் வழிகாட்டியாகத் தகுதியற்றவர். வழிகாட்டி என்றால் ஒழுங்கு வேண்டாமா? எழுதி முடித்து, நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

அக்டோபரில் தொடக்க விழா. பேனர், மைக், எனக்குப் பொன்னாடை. மேடையில் பேட்ஜோடு பத்துப் பெண்கள். கீழே தேவிகா நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா மேடையில இல்ல?"

"விதி நாலு சார். அஞ்சு நாள் லீவு."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் இன்னும் சுடுகிறது.

விதித் தளர்வு என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு வரி. 'சிறப்பு நேர்வாகக் கருதி அனுமதிக்கப்படுகிறது.' என் சர்வீஸில் எத்தனை பெரிய மனிதர்களுக்கு அந்த வரியை எழுதியிருக்கிறேன்! அன்றைக்கு அந்த மேடை ஓரத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் எழுதினால், என் பதினோரு பக்கத்தில் ஒரு பிழை என்று ஆகிவிடுமே? "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடை வாங்க மேடை ஏறினேன்.

அதன் பிறகு வாராந்திர அறிக்கைகள் வந்தன. பத்துப் பேர் அறிக்கையிலும் ஒரே வாசகம்: 'கலந்துரையாடல் நடைபெற்றது.' மூன்று பேருடையது ஒரே கையெழுத்து. இந்த மாதிரி அறிக்கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க எழுதியவன். கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டேன்.

நிழற்குடைக்கு வருவோம்.

கிசுகிசுத்த பெண்ணின் பெயர் சுகன்யா. என்னைப் பார்த்து முறைத்தபடியே, "அந்த அஞ்சு நாளும் அக்கா எங்க வூட்லதான் சார் இருந்தாங்க" என்றாள்.

"சும்மா இருடி" என்றாள் தேவிகா.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்?"

ஆகஸ்டில் சுகன்யா கணக்கில் பெயிலாகியிருக்கிறாள். பேப்பரில் கையெழுத்து வாங்கப் பயந்து பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மதிய நேர அக்காவோ என் உத்தரவால் இல்லை. வேறு யாரிடம் சொல்வாள்? "படிப்பு வரலன்னா சித்தியோட திருமுடிவாக்கம் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போ" என்று அம்மா முடிவே செய்துவிட்டாராம். விஷயம் தெரிந்த தேவிகா காலையில் கிளம்பி நேராக அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நாள். கணக்குச் சொல்லிக்கொடுத்து, அம்மாவிடம் கெஞ்சி... ஆறாவது நாள் இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து நாளைத்தான் நான் ஒழுங்கீனம் என்று எழுதிவைத்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன். கேட்டு முடிக்கும்போதே, மகா மட்டமான கேள்வி என்று புரிந்தது.

தேவிகா தரையைப் பார்த்தாள். "ஃபார்ம்ல காரணம் எழுத எடம் இல்ல சார்."

படிவத்தைத் தயாரித்தவன் நான்.

"இப்போ நான் ஏதாவது செய்யணுமா?"

அவள் நிமிர்ந்தாள். "ஸ்கூல்லயே உக்கார ஒரு எடம் குடுத்தா போதும் சார். இங்க ஒரே வெயிலு, தூசி."

மறுநாள் தலைமை ஆசிரியைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். விதி நான்கு நீக்கப்படுகிறது. மதிய இடைவேளையில் நூலக அறைச் சாவி தேவிகாவிடம் தரப்பட வேண்டும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா சார்? இணைப்பு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை மேடம்." எழுத ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் நூலக அறைப் பக்கம் போனேன். உள்ளே சளசளவென்று பேச்சு, சிரிப்பு. வாசலில் என் தலையைப் பார்த்ததும் அத்தனையும் நின்றது. நோட்டுகள் மூடின. சாவி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேனா, என்ன?

செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டேன்.

சுகன்யா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருங்க சார்... அக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

அனுமதி நிலுவையில் உள்ளது.