பருப்பு வேகாத தண்ணீரும் எங்கள் அம்பாசடரும்

போன வாரம் மகனுடைய புதுக் காரை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஏசி அறை, கண்ணாடிச் சுவர், அந்தப் பக்கம் கார். சும்மா இருக்கிற வாயா என் வாய்? டை கட்டிய பையனைக் கூப்பிட்டு, "ரேடியேட்டர் தண்ணி மாத்தினீங்களா தம்பி?" என்றேன். "அது தண்ணி இல்லீங்க மேடம், கூலன்ட்" என்று ஒரு டப்பாவைக் காட்டினான். ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தேன், இனிப்பாக ஒரு வாடை. எனக்குத் தெரிந்த ரேடியேட்டரில் ரச வாசனை அல்லவா அடித்தது!

இதைச் சொன்னால் என் மகனே நம்ப மாட்டான். நீங்கள் நம்புவீர்கள், அந்தக் காலத்துத் திருவண்ணாமலைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தரமாவது பருப்பு வேகவைத்திருந்தால்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியிலிருந்து கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனேன். போன புதிதில் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு துவரம்பருப்பை உலையில் போட்டேன். காலையில் போட்டது மத்தியானம் வரை கொதித்தது, ஆனால் வேகவில்லை. மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அது நசுங்காமல் தெறித்து ஓடியது. "ஏம்மா, உப்புத் தண்ணில யாராவது பருப்பு வேக வைப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மழை வந்தால் கொல்லையில் நாலு கொம்பு நட்டு வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடத்தை வைத்துவிடுவோம். அப்படிப் பிடித்த மழைத்தண்ணீர்தான் எங்கள் வீட்டுப் பருப்புக்கு. வெந்நீர் போடும் செப்புத் தவலையின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக உப்பு ஏறியிருக்கும். அதைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. புது மருமகளுக்கு இந்த மாதிரி வேலைகளுக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

மாமனாருக்கு மல்லாட்டை மண்டி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய அம்பாசடரை அவர் வாங்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். விடியற்காலையில் மலையைச் சுற்றுகிற பாதையில் ஈ காக்கை இருக்காது. லைசென்சும் வாங்கிவிட்டேன். சமையலறையில் எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய வீட்டில், அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அரைமணி நேரம்தான் நான் யாருக்கும் மருமகளாக இல்லாமல் இருந்தேன். 

அந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது. போளூர் போவதற்குள் கொதித்துவிடும். பானட்டிலிருந்து ஆவி கிளம்பும், இறங்கி நிற்போம், டிக்கியில் இருக்கும் டின் தண்ணீரை ஊற்றுவோம், மறுபடி ஏறுவோம். ஒருநாள் மாமா பொறுமையிழந்தார். "இதுக்கு மேல இத்த வச்சிக்கினு மாரடிக்க முடியாது. புரோக்கர் கிட்ட சொல்லிட்டேன். வேலூர் கல்யாணத்துக்குப் போய்ட்டு வருவோம். வழியில ஒரு தரம் கொதிச்சாலும் சரி, மறுநாளே வண்டிய ஓட்டிக்கினு போவச் சொல்லிடுவேன்."

சித்திரை மாதம், வேலூர் வெயில். கொதிக்காமல் போய்வந்தால் அது அதிசயம்தான்.

மெக்கானிக் பாஷா பாய் வந்து பார்த்தார். "உள்ள உப்பு ஜாஸ்தி பூந்துடுச்சும்மா. தண்ணி ஓடற வழியே இல்ல. வேற ரேடியேட்டர்தான் போடணும்" என்றார்.

"இந்த வண்டிக்கு எந்தத் தண்ணி ஊத்தறோம்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கெணத்துத் தண்ணிதான். ஏன்?"

பிறகு எனக்கு வேறென்ன தெரிய வேண்டும்? பருப்பு வேகாத தண்ணீரை வருஷக்கணக்காக அந்த வண்டி குடித்திருக்கிறது. தவலைக்கு என்ன வியாதியோ அதேதான் இதற்கும். "ரேடியேட்டர் எதுல செஞ்சது பாய்?" என்றேன். "பித்தளை, செம்பு" என்றார். "அப்போ புளி கரைச்சு ஊத்தினா?" பாய் தாடியைத் தடவினார். "ஊத்திப் பாருங்க. ஆனா ஒரு நார் போச்சுன்னா குழாய் அடைச்சிக்கும். நேரமும் ஜாஸ்தி விடாதீங்க, இஞ்சின் இரும்பு, புளி அரிச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பேங்க் உத்தியோகம், ஸ்பேனரைப் பேனா மாதிரிப் பிடிப்பார். வாசலில் வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும் ரேடியேட்டர் அடியில் இருந்த குழாயைத் திறந்தோம். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். செம்மண் குழம்பாக ஒன்று வந்து அவர் காலில் கொட்டியது. "கல்யாணத்துக்கு எடுத்த செருப்பு" என்று முனகினார். புளியைக் கரைத்து, பழைய வேட்டியில் ஒரு தரம் அல்ல, சந்தேகம் தீரும் வரை வடிகட்டி ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டோம். சூடு ஏற ஏறத் தெரு முழுக்க ரச வாசனை. எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கார்லயே சமையலா?" என்றார். "ஆமாக்கா, தாளிக்கிறதுதான் பாக்கி" என்றேன்.

வடித்தபோது வெள்ளைப் பொருக்கு பொருக்காக உப்பு பெயர்ந்து வந்தது. பிறகு மேலும் கீழும் இருந்த ரப்பர் குழாய்களைக் கழற்றினோம். மாடிச் சுவரில் ஓர் அண்டாவை ஏற்றி, அதிலிருந்து நீளக் குழாயை இறக்கி, ரேடியேட்டரின் அடிவாயில் சொருகினேன். தண்ணீர் வழக்கமாக ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் ஏறினால்தான் இடுக்கில் சிக்கினது கிளம்பும். முதலில் காவி, பிறகு டீ நிறம், கடைசியில் தெளிவு. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இனி எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

கோடை மழையில் பிடித்த மழைத்தண்ணீர் குடங்கள் சமையலறையில் இருந்தன. நான் ஒன்றைத் தூக்கினேன். அத்தை வழிமறித்தார். "மனுசனுக்கே இல்ல, காருக்கா?"

"வண்டி போயிடும் அத்தை" என்றேன். அழுதுவிட்டேன். அத்தை வழிவிட்டார். பிறகு இன்னொரு குடத்தை அவரே இடுப்பில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் சாம்பார் கிடையாது. மாமா காரணம் கேட்டபோது அத்தை, "உங்க வண்டி குடிச்சிடுச்சு" என்றார்.

வேலூர் போனோம். வீட்டுக்காரர் ஓட்ட, நான் பக்கத்தில், மாமாவும் அத்தையும் பின்னால். வண்டியில் சூடு காட்டுகிற முள் எப்போதோ செத்துவிட்டது. அதனால் நான் பானட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். போளூர் போனது, கண்ணமங்கலம் போனது, வேலூரே வந்துவிட்டது. ஆவி இல்லை. கல்யாணச் சாப்பாட்டில் மற்றவர்கள் பாயசத்தைப் பேச, அத்தை மட்டும் என் காதில், "பருப்பு நல்லா வெந்திருக்குது பாரு" என்றார்.

திரும்பும்போதும் அதே வெயில். போளூரில் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கொதிக்கலியே" என்றார், ஏமாந்தவர் போல. அப்புறம் என்னைப் பார்த்தார். "சரிம்மா, விக்கல. வேற இன்னா வேணும் உனக்கு?"

விடுவேனா! "நான் ஓட்டட்டுங்களா மாமா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓட்டு. ஆனா வேங்கிக்கால் வரைக்கும்தான். ஊருக்குள்ள வேணாம், நாலு பேரு பாப்பாங்க."

ஓட்டினேன். பகலில், மாமனார் மாமியார் பின்னால் இருக்க, நடுரோட்டில் ஓட்டினேன். லாரிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் வேங்கிக்கால் அப்போது ஆபீஸ், கட்டடம் எதுவும் வராத கிராமம். இரண்டு பக்கமும் வயல், எதிரே முழுசாக மலை. சொன்ன சொல் தவறாமல் ஓரம் கட்டினேன். வீட்டுக்காரர் இறங்கக் கதவைத் திறந்தார்.

"எதுக்கு நிறுத்தினே?" என்றார் மாமா.

"வேங்கிக்கால் வந்துடுச்சுங்க மாமா."

"எங்க வந்துச்சு? இன்னும் வரல."

"இதாங்க வேங்கிக்கால்" என்றார் அத்தை.

"உனக்கு இன்னா தெரியும்? இன்னும் வரல. நீ ஓட்டும்மா."

கடைத்தெரு வழியாக வீடு வரை ஓட்டினேன். டீக்கடையில் கிளாசும் கையுமாக எழுந்து நின்றவர்களுக்கெல்லாம் மாமா ஜன்னல் வழியாக வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா இல்லை, அத்தை இல்லை, ஸ்பேனரைப் பேனா மாதிரிப் பிடித்தவரும் போய்விட்டார். அம்பாசடர் எந்தக் காயலான் கடையில் முடிந்ததோ. சர்வீஸ் முடிந்த காரில் நேற்று வேலூரிலிருந்து திரும்பினோம். மகன் ஓட்டினான், எனக்குப் பின் சீட். இரண்டு பக்கமும் கட்டடம், போர்டு, மறுபடி கட்டடம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்து, "வேங்கிக்கால் வந்துடுச்சாடா?" என்று கேட்டேன்.

"எப்பவோ தாண்டிட்டோம்மா" என்றான்.