பெரட்டுக்குப் பதில் சொன்னவள்

தண்டல் அய்யாவு செத்தால் சாகட்டும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் முதலில் சொன்னவள் நான்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. என் அண்ணன் மணியத்தின் பேரைச் சயாம் பட்டியலில் எழுதியவர் அவர். அவரைச் சாகவிடாமல் பிடித்து வைத்தவள் என் அண்ணி காளியம்மா. அவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

ஜப்பான்காரன் படையெடுத்து வந்து, வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவுவது பாதியாகக் குறைந்தது. மிச்ச நேரமெல்லாம் மரவள்ளி நடவு. மரவள்ளியே சோறு, சாக்கே சேலை. ஆனால் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. விடியுமுன் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, ஆள் கணக்கு வைத்து வேலை வாங்கும் தண்டல், பேர்ப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வந்தவன் “இருக்கேன்” என்பான். படுத்துக் கிடப்பவனுக்காக அவன் வீட்டுக்காரி “சீக்கு” என்பாள். மூன்று நாள் தொடர்ந்து சீக்கு என்றால் தண்டலே வீட்டுக்கு வந்து ஆளைப் பார்க்க வேண்டும். துரை காலத்துச் சட்டம் அது.

நாற்பத்து மூன்றில் சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டு ஜப்பான்காரன் வந்தான். பதினேழு பேர் வேண்டும், இல்லாவிட்டால் லயத்தையே காலி செய்துவிடுவேன் என்றான். அய்யாவு எழுதிக் கொடுத்தார். “மூணு மாசந்தான்லா, வந்துடலாம்” என்று லாரி ஏறும்போது அண்ணனின் தோளைத் தட்டினார். அவரும் அதை நம்பியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஒருவன் மட்டும் திரும்பினான், பரஞ்சோதி. கால் முழங்கால்வரை அழுகியிருந்தது. “பேதி வந்துச்சு. மத்த பதினாறு பேரையும் நாந்தான் குழிக்குத் தூக்கிட்டுப் போனேன்” என்றான். பத்தே நாளில் அவனும் போய்விட்டான்.

அதோடு அய்யாவு உடைந்து போனார். மனைவியை முன்பே காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தனி ஆள். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. பெரட்டுக்கு மட்டும் எழுந்து வருவார். வந்து அந்தப் பதினேழு பேரையும் கூப்பிடுவார். “மணியம்!” பதில் வராது. காத்திருந்து மறுபடி கூப்பிடுவார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காத்துக் கருப்பு என்று பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடித்தார்கள். உங்கள் மேல் தப்பில்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவர் இன்னும் சுருங்கிப் போனார்.

அண்ணி அவர் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்தாள். கிணற்று வாளியின் கயிற்றையும் விடவில்லை. பிறகு கஞ்சி கொண்டுபோக ஆரம்பித்தாள். தஞ்சோங் டாவாய் கடற்கரைவரை நடந்துபோய் மரவள்ளிக்கு மாற்றி வந்த கருவாட்டில் பெரிய துண்டு அவருக்குப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணனக் கொன்ன ஆளுக்கா அண்ணி கஞ்சி ஊத்துறீங்க?”

“அந்தாளும் செத்துட்டா நான் யாரப் போயி திட்டுறது? இருக்கட்டும் மருதம்மா. உசுரோட இருக்கட்டும்.”

அண்ணி அதுவரை அழவே இல்லை. தாலியைக் கழற்றவில்லை, கருமாதி பற்றிப் பேச யாரையும் விடவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒருநாள் பெரட்டில் அய்யாவு “மணியம்” என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை குரலே இல்லை. அண்ணி சட்டென்று, “சீக்கு, தண்டலய்யா!” என்றாள். அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அடுத்த பெண்ணும் “சீக்கு” என்றாள், அதற்கடுத்தவளும். முதல் தடவையாகப் பட்டியல் முடிந்தது. அன்று அவர் அரைச் சிரட்டை கஞ்சி குடித்தார். மறுநாள் முழுச் சிரட்டை. வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று நாங்கள் எல்லாரும் பூரித்துப்போனோம். மூன்று நாள் சட்டம் ஒருத்திக்காவது ஞாபகம் வரவேண்டுமே!

மூன்றாம் நாள் குளித்து, தொப்பி போட்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் காய்ச்சலுக்கான இரண்டு கொய்னா மாத்திரை. மருந்தே கிடைக்காத காலத்தில் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

“காளியம்மா, மணியம் மூணு நாளா சீக்கு. ஆளப் பாக்கணும்.”

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அவரை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

“அவரு செத்துட்டாரு, தண்டலய்யா. சயாமுல செத்துட்டாரு. சீக்குன்னு நான் சொன்னது பொய்யி.” அண்ணன் செத்துவிட்டார் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே அன்றுதான்.

“நாந்தான் எழுதுனேன்” என்றார்.

“ஆமா. நீங்கதான் எழுதுனீங்க.”

“எழுதாம இருந்திருந்தா...”

“வேற எவனாச்சும் எழுதியிருப்பான். அதுக்காக நீங்க எழுதலன்னு ஆயிடாது. அழுங்க.”

அழுதார். அண்ணியும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. நானும் அழுதேன், அவருக்காக அல்ல. கடைசியில் அவர் புத்தகத்தை விரித்து, “பேர அடிச்சிடவா?” என்று கேட்டார். அண்ணி அந்தப் பேரை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, “அடிங்க” என்றாள். அன்றுதான் தாலியைக் கழற்றினாள்.

மிச்சப் பதினாறு வீட்டுக்கும் இதையே சொல்ல அவரைத் தானே கூட்டிப்போனாள். மூன்றாம் வீட்டில் இராசாத்தி விளக்குமாற்றால் அடித்தாள். குனிந்து வாங்கிக்கொண்டார்.

குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லி ஒருமுறை பட்டாகிவிட்டது. சில நாள் வேலைக்குப் போவார், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அதனால் அண்ணி ஒரு வழக்கம் வைத்தாள். எல்லார் பேரையும் கூப்பிடும் தண்டலின் பேரை யாரும் கூப்பிடுவதில்லை அல்லவா? தினம் பெரட்டுக்கு முன் அவர் கதவுக்கு வெளியே நின்று, அவரைப் போலவே மொட்டையாக “அய்யாவு!” என்று கூப்பிடுவாள். “இருக்கேன்” என்று அவர் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் “சீக்கு” என்று சொல்லலாம். பேசாமல் மட்டும் இருக்கக்கூடாது. சீக்கு என்றால் மூன்று நாள் காத்திருக்கமாட்டாள், உடனே உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற சேதி வந்த மறுநாள் காலை. லயமே டவுனுக்கு ஓடியது. நானும் கிளம்பினேன். அண்ணி வழக்கம்போல அவர் கதவடியில் நின்றாள்.

“அய்யாவு!”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். சாகட்டும் என்று சொன்ன நான், அந்தக் கதவையே பார்த்தேன். மூன்றாம் முறை அவள் கூப்பிடுமுன் நான் கத்திவிட்டேன்.

“தண்டலய்யா!”

உள்ளிருந்து மெல்ல வந்தது. “சீக்கு.”

அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் கஞ்சி எடுத்துவர ஓடினேன்.