கிட்டாருக்குள் விழுந்த விண்ணப்பங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். புனிதரைக் கேலி செய்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன், எழுத்தும் கோணல். ஆண்டவரை வேண்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவன் நான். கொடிகளைக் கவாத்து வெட்டும்போது போனில் ஜாஸ் என்ற இசையைக் கேட்கப் பழகிவிட்டேன். அந்தக் கிட்டார் சத்தம் சுக்குக் காப்பி மாதிரி வெதுவெதுப்பாக உள்ளே இறங்கும். என் பழைய கிட்டாரோ தகரத்தில் ஆணியால் கிழித்த மாதிரி. நற்கருணைப் பாட்டுக்கு அந்த வெதுவெதுப்பு வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை தேனியில் கிட்டார் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார்.

"இது முழுக்கட்டைண்ணே. என்ன செஞ்சாலும் முனங்காது. இந்தா, இது அரைக்குடைவு. நடுவுல கட்டை, ரெண்டு விலாவும் உள்ள காலி. நீங்க கேக்குற கதகதப்பு இதுலதான் வரும்."

அரைக்குடைவில் ஒரு கம்பியைத் தொட்டதுமே கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறந்து குறையையும் கேளுங்க. ஸ்பீக்கர் பக்கத்துல சத்தமா வச்சா, அந்தச் சத்தம் இந்த ஓட்டை வழியா வயித்துக்குள்ள போயி ஊளையிடும். பத்து நாள் வாசிச்சுப் பாருங்க. சரிவரலைன்னா கொண்டாங்க, முழுக்கட்டையத் தாரேன்."

மேல்பலகையின் இரு பக்கமும் வளைவாக இரண்டு ஓட்டைகள், ஒரு விரல் நுழையும் அகலம். தொல்லையெல்லாம் அவற்றால்தான் வந்தது.

மறுநாள் பூசையில் நற்கருணைப் பாட்டின் இரண்டாவது வரியிலேயே ஊளை கிளம்பியது. கோயிலுக்கு எதிர்வீட்டில் கட்டியிருந்த கோம்பை நாய் அதற்குப் பதில் கொடுத்தது. நான் கம்பிகளை அமுக்கிவிட்டேன். நாயை யார் அமுக்குவது? பாட்டு முடிந்தும் அது முடிக்கவில்லை.

பங்குச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, இன்னைக்கு ரெண்டு பேரு ஊளையிட்டாக. நாயை நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறும் இப்டின்னா இதைக் கோயிலுக்குள்ள கொண்டாராத."

செவ்வாய்க்கிழமை நவநாள். எங்கள் கோயிலில் அன்று சனங்கள் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதி, புனிதர் சுரூபத்தின் முன் மேசையில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். பிறகு அவற்றைப் பிரிக்காமலே எரித்துவிடுவார்கள். அந்த வாரம் திருவிழாவுக்காகப் பெட்டி வர்ணம் அடிக்கப் போயிருந்தது. மேசை காலியாகத்தானே இருக்கிறது என்று கிட்டாரை அதில் படுக்கவைத்து, "இதோட ஊளையை எடுத்துவிடும் சாமி" என்று மன்றாடிவிட்டுப் பின்னால் போய்ப் பாட நின்றுகொண்டேன்.

செபம் முடிந்து திரும்பி வந்தால், வயதான அம்மா ஒருவர் கிட்டாரின் ஓட்டைக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, என்ன பண்றீக?"

"சீட்டுப் போடுறேன். பெட்டியைப் பளபளன்னு செஞ்சிருக்காக. ஓட்டையத்தான் கோணலா வச்சுட்டாக."

"இது கிட்டாரு ஆத்தா!"

"அப்ப ஏன் இங்கன வச்ச? எனக்கு முன்னாடி போட்ட நாப்பது பேரும் கிறுக்கா?"

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தேன். சீட்டுகள் இன்னும் உள்ளே போய் விலாவில் ஒண்டிக்கொண்டன. பங்குச்சாமியிடம் ஓடினேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. "புனிதருக்குப் போட்டது போட்டதுதான். பிரிச்சுப் படிச்சிராத. இருந்துட்டுப் போகுது."

இனி கடைக்குத் திருப்பித் தரவும் வழியில்லை. ஊர்க்காரர் மன்றாட்டுகளை எவனிடமோ எப்படி விற்பது? ஞாயிறும் ஊளையிட்டால் கிட்டாருக்குக் கோயிலும் இல்லை, கடையும் இல்லை.

ஞாயிறு வந்தது. நற்கருணைப் பாட்டு. முதல் வரி, இரண்டாவது வரி. ஊளை இல்லை! சுக்குக் காப்பி சத்தம் கோயில் முழுக்க இறங்கியது. வாசல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டு நாய் காதைத் தூக்கிக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"உள்ள ஏதாச்சும் திணிச்சீகளா?"

"வேண்டுதல் சீட்டு."

"நாங்க ஸ்பாஞ்சுதாண்ணே திணிப்போம். நீங்க ஊரோட கஷ்டத்தையே திணிச்சிருக்கீக!"

காகிதம்தான் ஊளையை அடைத்தது என்றார். நான் மறுக்கவில்லை. காகிதத்தை அங்கே போடவைத்தது யார் என்று மட்டும் கேட்டேன்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "நானும் ஒரு சீட்டுப் போட்டேங்க."

"கிட்டாருன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். சம்பந்தப்பட்ட எடத்துலயே போட்டா சீக்கிரம் கேக்கும்ல."

"என்ன எழுதுன?"

"இந்த மனுசன் இதைத் திருப்பிக் குடுத்துட்டு முழுக்கட்டைய வாங்கிட்டு வரணும்னு."

அந்தச் சீட்டும் சேர்ந்துதான் ஊளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. புனிதரின் வழிகளை நான் என்ன கண்டேன்! இன்றுவரை அதே கிட்டார்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல் கம்பியைத் தொடுமுன், உள்ளே இருக்கும் அத்தனை பேருக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிடுகிறேன்.

இதற்குள் கோம்பை ஊரில் கிட்டார் தானாகவே வாசித்தது என்கிறார்கள். பண்ணைப்புரத்தில் நாய் மண்டியிட்டதாம். நாய் மண்டியிடவில்லை, படுத்தது, அவ்வளவுதான். நீங்கள் யாருக்காவது சொன்னால் இங்கே இருப்பதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு எதையும் சேர்க்கவேண்டாம். சீட்டுப் போட்டவர்கள் வீட்டுக்கு வந்து கேட்டாலும், கிட்டாரைப் பிரித்துக் காட்ட மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.