எதிர்மேசைக்காரர்

கேன்டீன் பெஞ்சின் ஒரு முனையில் நான் உட்கார்ந்திருப்பேன், மறு முனையில் அவர். நடுவில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய முடியும் என்பதால், எல்லோரும் திரும்பிய பிறகே நாங்கள் இருவரும் சாப்பிடப் போவோம். சோறு போடும் அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "இன்னா சார், சக்களத்திங்க மாதிரி ஆளுக்கொரு மூலைல குந்திகினு கீறீங்க?" இருவரும் சிரித்தோம். அவரவர் தட்டைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில், நீண்ட மேசை வடிவில் துணி வெட்டும் தானியங்கி இயந்திரங்கள் இரண்டு எதிரெதிரே வந்து இறங்கியிருந்தன. இரண்டையும் செய்தவை வெவ்வேறு வெளிநாட்டுக் கம்பெனிகள். உலகம் முழுக்க ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த கம்பெனிகள். ஆலை முதலாளி பூந்தமல்லிப் பக்கம் பெரிய ஆலை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். இங்கே எது நன்றாக உழைக்கிறதோ, அங்கே அதையே வரிசையாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியராக நான் போய்ச் சேர்ந்தேன். மற்றதற்கு அவர்.

ஊருக்குள் அந்த இயந்திரங்களின் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். என் வேலை என்ன என்று ஊரில் அப்பாவிடம் சொன்னால், தையல்காரனா என்பார். அயனம்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருந்த அறையின் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வேலையைப் பற்றி எனக்குச் சமமாகப் பேசக்கூடிய ஒரே மனிதர் முப்பது அடி தூரத்தில் நின்றிருந்தார். அவரோடு பேசக்கூடாது என்பது என் கம்பெனியின் உத்தரவு. அவருக்கும் அதே உத்தரவுதான். அவர் இயந்திரத்தின் மூடியைக் கழற்றினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். என் உதிரிபாகங்களின் எண்களைப் பெயின்ட் அடித்து மறைத்துத்தான் அனுப்புவார்கள். அவர் ஆவடி சேக்காட்டுக்காரர், அப்பா ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் கேன்டீன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

கடைசியில் ஒரு காலைப்பொழுது இரண்டு மேசைகளுக்கும் போட்டி வைத்தார்கள். ஒரே துணி, ஒரே சட்டை, எண்பது அடுக்கு. முதலாளியும் இரண்டு கம்பெனி மேனேஜர்களும் கைகட்டி நின்றார்கள். துணியின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் எண்பது அடுக்கும் பலகைபோல் இறுகிவிடும். பிறகு கத்தி தானே ஓடி வெட்டும். அவருடைய கத்தி என்னுடையதைவிட வேகம். பாதிக்கு வரும்போதே நான் தோற்பேன் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவருடைய மேசையின் சத்தம் மாறியது. தடித்து ஒலித்துக்கொண்டிருந்த காற்று மோட்டார், மெல்ல மெலிந்து கூவத் தொடங்கியது. எங்கோ பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது, உறிஞ்சல் குறைகிறது, இனி அடி அடுக்குகள் நகரும். வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு அது கேட்கவில்லை. முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு இயந்திரம் அப்படிக் கூவும்போது சும்மா நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு மேசைகளுக்கும் நடுவே தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை முதன்முறையாகத் தாண்டிப் போனேன்.

"சார், சக்ஷன் குறையுது. அஞ்சு நிமிஷம் நிறுத்தி ஃபில்டரைப் பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க டேபிளைப் பாருங்க சார்" என்றார். நிறுத்தவில்லை.

வெட்டி முடித்ததும் முதலாளி அவர் மேசையிலிருந்து மேல் அடுக்குக் காலர் ஒன்றையும் அடி அடுக்குக் காலர் ஒன்றையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அரை விரல் வித்தியாசம். என் மேசையின் காலர்கள் அச்சாகப் பொருந்தின. புது ஆலைக்கான அத்தனை ஆர்டரும் எங்களுக்கே வந்தது.

அன்று மாலை எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். என் முதுகில் தட்டி, சரியான நேரத்தில் போய் அவனைக் குழப்பிவிட்டாய், நல்ல யோசனை என்றார். நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணடித்தார். அதற்குப்பின் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் எதிரே இருந்த இயந்திரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கேன்டீன் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்தேன். அந்த அம்மாவும் அதன்பிறகு கேலி பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் கேன்டீன் அம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"மறுநாள் ஃபில்டரைக் கழட்டினா பஞ்சு அடைச்சிகினு கீது. நீங்க சொன்னது நெசம்தான் சார்" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அதான் நம்பல" என்றார்.

வேலையை விட்டுவிட்டாராம். பெங்களூரில் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சேரப் போகிறாராம். பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். உங்கள் கத்தி எப்படித் தானாகத் தீட்டிக்கொள்கிறது என்று மெல்ல ஆரம்பித்தார். நான் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்து காட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே அவர் தன்னுடையதை வரைந்தார். ஒன்றரை வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊகித்ததையெல்லாம் மூன்று மணி நேரத்தில் கேட்டுத் தீர்த்தோம். இருட்டுவதற்குள் ஆவடி பஸ் ஏறிப் போய்விட்டார். முகவரி வாங்கத் தோன்றவில்லை. இனிமேல் பேச ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

பூந்தமல்லி ஆலையில் என் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எதிரே யாருமில்லை. பத்து வருடம் அங்கே வேலை பார்த்தேன்.

போன மாதம், என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது எல்லாக் கம்பெனி இன்ஜினியர்களும் கைப்பேசியில் ஒரே குழுவில் இருக்கிறார்களாம். யாருடைய இயந்திரம் நின்றாலும் படம் எடுத்துப் போட்டால், போட்டிக் கம்பெனிக்காரனே பதில் சொல்கிறானாம். கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். முந்நூறுக்கு மேல் பெயர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். லிஃப்ட் பக்கம் போனவர் இதில் எப்படி இருப்பார் என்று தெரிந்தேதான் பார்த்தேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று வந்தவர் கேட்டார். எதிர்மேசைக்காரரை என்றேன். அவருக்குப் புரியவில்லை.