அரைக் கட்டை

சிவசம்பு எதையும் போட்டது போட்டபடி விடமாட்டார். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த மனிதர். பேச்சு முடிந்ததும் வயரைப் பிடுங்கிப் பலகையைக் காலியாக்க வேண்டும், இணைத்துக் கொடுத்தபின் ஒட்டுக்கேட்கக் கூடாது. இந்த இரண்டும்தான் அவருக்கு வேதம்.

ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூற்றைந்தில், மெல்பர்னிலிருந்து வந்த அக்காள் மகன் வாசு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் அதில் ஓர் இசைப் புரோகிராமையும் விட்டுப்போனான். திரையில் சின்னப் பெட்டிகள்: மைக், சுருதி, ஸ்பீக்கர், ரெக்கார்டர். எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் கோடு இழுக்கலாம், ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இழுக்கலாம். கோடு போன வழியே சத்தம் போகும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முன்னறை மறுபடியும் எக்ஸ்சேஞ்ச் ஆயிற்று. வேலை முடிந்ததும் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டுத்தான் மனிதர் சாப்பிடவே எழுந்திருப்பார்.

மனைவி குணபூசணி வெள்ளிதோறும் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். பதிவு செய்வோம் என்றால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபின், மகள் சிவமலருக்காக ஒரே ஒருமுறை என்று சம்மதித்தார். அன்று காலை சிவசம்பு கோடுகளைப் புதிதாக இழுத்தார். மனைவியின் குரலும் சுருதியும் ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டன. பாதியில் குணபூசணிக்கு மூச்சு முட்டியது.

"இஞ்சாருங்கோ, சுருதியை அரைக் கட்டை இறக்குங்கோ. எனக்கு எட்டேல்ல."

இறக்கினார். பாடி முடித்தபின், இப்போது போட்டுப் பார்க்க வேண்டாம், இந்தக் குரலைத் தன்னால் கேட்க முடியாது என்றார் குணபூசணி. சிவசம்பு போட்டுப் பார்க்கவில்லை. வழக்கம்போல் கோடுகளை அழித்தார்.

குணபூசணி இறந்து, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், செராஸிலிருந்து வந்த சிவமலர் அம்மாவின் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். பதிவை ஓடவிட்டார். சுருதி வந்தது. சுருதி மட்டுமே வந்தது. பதினேழு நிமிடமும் அதுதான். மைக்கை ஸ்பீக்கருக்கு இணைத்தவர், ரெக்கார்டருக்கு இணைக்க மறந்திருந்தார். வேறு பதிவு எதுவும் இல்லை. ஒரேயொரு தடவை போட்டுக் கேட்டிருந்தால் மறுநாளே இன்னொன்று எடுத்திருக்கலாம். பாழாய்ப்போன ஒழுக்கம்!

சிவமலர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும். வெறும் சுருதியை வைத்து என்ன செய்வது, அழித்துவிடலாம் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு பிள்ளை. இன்னும் கொஞ்சம் கேள்."

ஒன்பதாம் நிமிடத்தில் சுருதி அரைக் கட்டை இறங்கியது.

"இதிலதான் அம்மா என்னைக் கூப்பிட்டவா," என்றார் சிவசம்பு.

அந்த இடத்தை மறுபடியும் ஓடவிட்டார்.