நான்காவது பாட்டில் குறுக்கே வந்த குரல்

பஸ் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம் கழித்து, "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் கோளாறு அதில்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அந்தக் காது தப்பாகச் சொன்னது இரண்டே தடவை. அந்த இரண்டையும் அவரே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் அந்தக் காதுக்கு வேறு வேலை. இருபத்திரண்டு வயதில் முடிதிருத்தும் கடையில் பாதி முகம் சவரமாகி உட்கார்ந்திருந்தபோது, ரேடியோவில் ஒரு ராக் பாட்டு வந்தது. பாடியவரே பியானோவும் வாசித்தார். இடது கை டீசல் எஞ்சின் போலச் சீராக உறுமிக்கொண்டிருக்க, வலது கை அதன்மேல் ஏறி நின்று கும்மாளம் போட்டது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்று கத்திக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் நுரை காய்கிறவரை கேட்டார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

பியானோக்காரருக்கு இப்போது எழுபத்தாறு வயது. ரசிகர்களுக்கு அவர் பெரியவர். விற்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள எப்போதோ அனுமதி கொடுத்திருந்தார். அந்தப் பதிவுகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க ஒரு இணையப் பக்கம் உண்டு. அதில் விமர்சனம் எழுதுவது டாக்டர். முதலில் நோட்டில் எழுதுவார், பிறகு ஒற்றை விரலால் தட்டுவார். பதிவுகளுக்கு அவர் மூன்று சான்றிதழ் வைத்திருந்தார்: ஓடும், தள்ளினால் ஓடும், ஷெட்டிலேயே கிடக்கட்டும். நானூறு பேர் அதற்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை புதுப் பதிவு ஒன்று வந்தது. அனுப்பியவரின் புனைபெயர் 'கண்ணாடிக்கூடு'. ஒலிப்பதிவுக் கருவியை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். தேதியைப் பார்த்ததும் டாக்டருக்குக் கை பரபரத்தது. மகள் டிக்கெட் வாங்கிக் கொடுத்து அவரும் மனைவியும் நேரில் போயிருந்த அதே கச்சேரி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதினார்:

'முதல் மூன்று பாட்டும் முதல் தரம். பியானோவின் கீழ்க்கட்டைகள் நெஞ்சில் இடிக்கின்றன. நான்காவது பாட்டில்தான் வினை. பல்லவிக்கு முன்பே எவனோ ஒருவன் துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குகிற மாதிரிக் கத்த ஆரம்பிக்கிறான். ஏழாவது வரிசையில் இருந்த என் காதில் இது விழவே இல்லை. கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளாக இருக்க வேண்டும். அதே இடத்தில் பியானோவும் நின்றுபோகிறது. பெரியவருக்குக் கை மறந்திருக்கிறது. வயதாகிவிட்டது. எழுதவே மனசு கஷ்டப்படுகிறது. சான்றிதழ்: தள்ளினால் ஓடும்.'

மறுநாள் மதியத்துக்குள் பதினோரு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அந்த ஆளின் வாயில் யாராவது கைக்குட்டையைத் திணித்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். டாக்டர் திருப்தியோடு, மூன்றாவது தடவையாக அந்தப் பாட்டைப் போட்டார். ஹெட்போன் வயர் நாற்காலிக் கையில் மாட்டிப் பிடுங்கிக்கொள்ள, கூடம் முழுக்கக் கச்சேரி கேட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினார். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர் அவர். ஹலோ என்ற ஒரு வார்த்தை போதும், எந்த வார்டு, எந்த நர்ஸ், சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாளா என்பதுவரை சொல்லிவிடுவார்.

"ஏங்க, அதை இன்னொரு தடவை போடுங்க."

"எதை?"

"யாரோ கத்தற இடத்தை."

போட்டார். மனைவி தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கத்தறது நீங்கதான்."

"விளையாடாத."

"குரலைக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கறேன். கட்டின புருஷன் குரல் தெரியாதா எனக்கு?"

"நான் அன்னிக்கு வாயே திறக்கலையே."

"திறந்தீங்க. தாடை கழண்டு விழுந்துடுமோன்னு நான் பயப்படற அளவுக்குத் திறந்தீங்க. பக்கத்துல இருந்தது நான்தானே?"

டாக்டர் மறுபடியும் போட்டார். இப்போது எஞ்சினைக் கேட்கிற மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்கு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. மூச்சு இழுத்தால் மெலிதாக ஒரு விசில் வரும். பதிவிலும் அந்த விசில் இருந்தது. இனி எங்கே தப்பிப்பது?

"அப்பவே ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லலாம்னுதான் திரும்பினேன். கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. நம்ம கல்யாணப் போட்டோல கூட நீங்க அப்படிச் சிரிக்கல. எப்படிச் சொல்றது? ஆனா எனக்கு வெக்கம் தாங்கல. கைப்பைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எதையோ தேடற மாதிரி உக்காந்துட்டேன்."

ஆறாம் வகுப்பில் பாட்டு வாத்தியார் டாக்டரைப் பின்வரிசைக்குத் தள்ளி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொன்னதிலிருந்து அவர் பாடியதே இல்லை. குளிக்கும்போதுகூட இல்லை. மகள் குழந்தையாக இருந்தபோது தாலாட்டுக்குப் பதில் அவளுக்கு எஞ்சின் பாகங்களின் பெயரைத்தான் வரிசையாகச் சொல்லித் தூங்கவைத்தார்.

விமர்சனத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். மனசு ஒப்பவில்லை. தப்பாகச் சொன்ன இன்ஜெக்டரை ஒப்புக்கொண்டவர் இதை ஏன் மறைக்க வேண்டும்? ஒற்றை விரலால் தட்டினார்: 'நான்காவது பாட்டில் கத்துகிற ஆள் நான்தான். என் மனைவி கண்டுபிடித்தார். எல்லோரும் மன்னிக்கவும். கைக்குட்டை யோசனைக்கு நன்றி.'

சாயங்காலம் கண்ணாடிக்கூடு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண்மணி என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. டாக்டர் அதை மனைவிக்கு உரக்கப் படித்தார்.

'டாக்டர் சார், நான் ஆறாவது வரிசையில் உங்களுக்கு நேர் முன்னால் இருந்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பல்லவிக்கு முன்னாலேயே நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். பெரியவர் சட்டென்று நம் பக்கம் திரும்பினார். ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டார். பிறகு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ட்ரம்ஸ்காரரையும் கண்ணாலேயே நிறுத்தினார். ஒரு வரி முழுக்க நீங்கள் தனியாகப் பாடினீர்கள். அவருக்கு ஒரே சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை, விருந்தாளியைப் பார்த்த சிரிப்பு. அரங்கம் உங்களோடு சேர்ந்துகொண்ட பிறகுதான் மறுபடி கை வைத்தார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. பதினேழு கச்சேரி பதிவு செய்திருக்கிறேன். ஒரு ரசிகருக்காக அவர் வாசிப்பதை நிறுத்தியதை அன்று மட்டும்தான் பார்த்தேன். உங்கள் குரலை வெட்டியெறிய எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மனசு வரவில்லை.'

மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. இத்தனையும் நடந்திருக்கு, நான் கைப்பைக்குள்ள சில்லறை தேடிக்கிட்டு இருந்திருக்கேன்."

அதைக் கேட்டு டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். மனைவிக்கும் அது தொற்றிக்கொண்டது. மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்தும் இருவராலும் நிறுத்த முடியவில்லை. பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை மறுபடி கேட்டார்கள். பியானோ நிற்கிறது. குரல் தனியாகப் போகிறது, கோணலாக, அவசரமாக, யாரைப் பற்றியும் கவலையில்லாமல். அதன் பின்னால் ஒருவர், பத்துப் பேர், ஆயிரம் பேர்.

"நல்லாதாங்க இருக்கு," என்றார் மனைவி. "சுருதிதான் பக்கத்து வீட்ல இருக்கு."

டாக்டர் விமர்சனத்தை முதலிலிருந்து எழுதினார். பெரியவரின் கை மறந்ததாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். தன்னைப் பற்றி இரண்டே வரி. பெரியவர் கையை எடுத்ததைப் பற்றி ஒரு பக்கம். மகள் அதைப் படித்துவிட்டுப் போன் செய்து, "அப்பா, நீங்க பாடுவீங்களா? எனக்கு ஏன் இத்தனை நாள் பிஸ்டனும் கிளட்சும் சொன்னீங்க?" என்று கேட்டாள். அடுத்த கச்சேரிக்கு அவளே மூன்று டிக்கெட் எடுத்தாள்.

நான்கு மாதம் கழித்து அப்பா, அம்மா, மகள் மூவரும் போனபோது, அரங்கத்து வாசலில் குண்டாக, குட்டையாக ஒரு பெண்மணி கையில் கண்ணாடிக் கூட்டோடு நின்றிருந்தார். இவர்களுக்காகவே காத்திருந்தார் போலிருக்கிறது. டாக்டரைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரர் மாதிரிச் சிரித்தார்.

"இன்னிக்கும் பாடுவீங்கல்ல சார்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"பாடுவார், பாடுவார். ஒரு வாரமா வீட்ல அந்தப் பாட்டுதான். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

நால்வரும் கூட்டத்தோடு உள்ளே நகர்ந்தார்கள். டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிப் பார்த்தார்.